மூன்றைத் தாண்டாத முள்

வாகனப் புகைச் சோதனை நிலையத்தின் டீசல் லேனுக்கு வருகிற வண்டிக்காரர்கள் யாரும் அந்த மனிதரின் பெயரைக் கேட்டதில்லை. "முழுமிதி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். டீசல் வண்டியின் புகையை அளக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே மூச்சில் அடிவரை மிதிக்க வேண்டும். பயந்து பயந்து முக்கால் மிதி மிதித்தால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். இவர் மிதித்தால் அப்படி மறுபேச்சு கிடையாது. நாளொன்றுக்கு முப்பது வண்டி வீதம் இருபத்திரண்டு வருடமாக மிதித்துத் தள்ளியவர். வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இதில் ஒரு கூத்து உண்டு. இந்த மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். வண்டிக்காரர் ஓட்டி வந்து லேனில் நிறுத்திவிட்டு இறங்குவார். இவர் ஏறுவார், கியரை ஆட்டிப் பார்ப்பார், மிதிப்பார், இறங்குவார். வண்டிக்காரர் ஏறிப் போய்விடுவார். லாரி, வேன், பழைய பேருந்து என்று எத்தனையோ ஆயிரம் இருக்கைகளில் உட்கார்ந்தாகிவிட்டது. ஒன்றிலும் பத்தடி நகர்ந்ததில்லை. இந்த விஷயம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

மனைவி வீட்டில் அவருக்கு வேறு பெயர். அங்கே அவர் மூத்த மாப்பிள்ளை, இன்ஜினைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிறவர். மாமனார் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் மூத்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்புவார். தண்ணீர் மோட்டார் உறுமினாலும் சரி, மிக்ஸி முனகினாலும் சரி, "மாப்ளே வந்து காதைக் குடுத்துக் கேட்டாப் போதும்" என்பார். ஒருநாள் அவரே, "நீங்க ஒரு கார் வாங்கினா என்ன மாப்ளே?" என்று கேட்டார். "நாள் பூரா வண்டியிலதான் குந்திக்கிட்டிருக்கேன் மாமா, வீட்டுலயுமா?" என்று இவர் சலித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படி ராஜாவாக இருந்தவருக்கு ஒரு சகலை வந்து சேர்ந்தார். மச்சினியைக் கட்டியவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மென்மையான ஆள். பேசும்போதே எதிராளியின் கண்ணாடி கோணலாக இருந்தால் மெதுவாக எடுத்துத் துடைத்து நேராக மாட்டிவிடுவார். முழுமிதியை "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவர்மேல் கோபப்பட முழுமிதிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆறு வருடம் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அது ஒன்றே போதாதா எரிச்சலுக்கு?

பிறகு காரணம் தானாகவே வந்தது. சகலை புது டீசல் கார் வாங்கினார்.

வாங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்கவில்லையே! மிக்ஸிக்குக் கூப்பிட்டவர்கள் காருக்குக் கூப்பிடவில்லை. மனைவியின் போனில் படம் வந்துதான் அவருக்குத் தெரிந்தது. வெளிர் நீல நிறம். மச்சினி பானெட்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் மாமனார், புதுச் சட்டை, வாயெல்லாம் பல்.

"எல்லாருக்கும் திடீர்னு காட்டணும்னு இருந்தாங்களாம்" என்றாள் மனைவி.

"நல்லது. நல்லாருக்கட்டும்" என்றார் அவர். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சகலை ஒரு சுற்று போனார். முன் இருக்கை மாமனாருக்கு. பின்னால் மாமியார், மனைவி, மச்சினி, மூவரும் நசுங்கியது போக மிச்சமிருந்த மூலையில் மூத்த மாப்பிள்ளை. மடியில் தண்ணீர் பாட்டில்கள் நிறைந்த பை. மாமனார் வழியெல்லாம், "சத்தமே இல்லையே இளைய மாப்ளே, பஞ்சு மேல போற மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சத்தத்தைப் பற்றி! இந்தக் குடும்பத்தில் சத்தத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் இருக்கிறான் என்பதே மறந்துவிட்டதா? பின் மூலையில் வயிறு பற்றி எரிந்தது. அந்த முன் இருக்கையில் தன்னை ஒரு தடவையாவது உட்கார வைக்கமாட்டார்களா என்று ஏங்கினார், ஐம்பதை நெருங்குகிற மனிதர், குழந்தையைப் போல.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவரால் தாங்க முடியவில்லை.

"சாவியக் குடுங்க தம்பி. இன்ஜின் எப்படின்னு ஒரு மிதி மிதிச்சுப் பார்த்திடுறேன்."

"ஐயோ, நானே கேக்கணும்னு இருந்தேண்ணே!" என்று சகலை சாவியைக் கொடுத்தார். மாமனார், மாமியார், பெண்கள், எதிர்வீட்டுக்காரர் என்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். முழுமிதி ஏறினார், கியரை ஆட்டினார், ஒரே மிதி.

இன்ஜின் எத்தனை ஆயிரம் சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் விருட்டென்று ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நின்றுவிட்டது. உச்ச வேகத்தைக் காட்டும் சிவப்புக் கோடு ஐந்தில் இருக்கிறது, முள்ளோ மூன்றில் நின்று திக்கித் திக்கி நடுங்குகிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். மூன்று. மறுபடி மிதித்தார். மூன்றேதான். அவர் லேனுக்கு வரும் துருப்பிடித்த லாரிகூடத் தன் சிவப்பை எட்டிப் பிடித்துவிடும்.

அந்த நிமிடம் அவருக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நன்றாக இருக்காது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். மனதுக்குள் ஒரு மேளமே முழங்கியது. முகத்தை மட்டும் கஷ்டப்பட்டுத் துக்கமாக வைத்துக்கொண்டு இறங்கினார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பாதி இன்ஜின்தான் வேலை செய்யுது. உங்க தலையில நல்லாக் கட்டிட்டாங்க."

சகலையின் முகம் அப்படியே விழுந்தது. மாமனார் காரையே வெறித்துப் பார்த்தார். "அதான் சத்தமே வரலையா?" என்றார் மெதுவாக.

அன்று மத்தியானம் முழுமிதி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது. வேறு ஒருவராக இருந்தால், "போய்யா, உனக்குப் பொறாமை" என்று துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். சகலை நம்பிவிட்டார், அதுவும் முழுசாக. ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட்டார். குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மனிதர், போட்ட சண்டையில் தொண்டை கட்டிக்கொண்டது. "எல்லா வண்டியும் இப்படித்தான் சார், நின்ன எடத்துல மூணுக்கு மேல போகாது" என்று அங்கே சொன்னதற்கு, "என் அண்ணன் இருபத்திரெண்டு வருஷமா இதே வேலை பாக்கறார், அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்றாராம். அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து காருக்கு உறை போட்டு மூடிவிட்டார். கடைக்குப் பேருந்தில் போனார். காரைத் திருப்பிக் கொடுத்தே தீருவது என்று மனு எழுதினார். மச்சினிக்கும் அவருக்கும் இதனால் பேச்சு வார்த்தை குறைந்துவிட்டது என்று மனைவி சொன்னாள்.

"வியாழக்கிழமை உங்க எடத்துக்கே கொண்டுவர்றாராம். நீங்க சோதிச்சு எழுத்துல குடுத்துட்டா, அந்தத் தாளை வச்சு வண்டியத் திருப்பிடுவாராம்."

"குடுத்துட்டாப் போச்சு."

"உண்மையிலேயே கோளாறுதானா?" அவள் அவரையே பார்த்தாள். "ஏன்னா அவரு உங்களைத்தான் நம்பறாரு. என்னை மாதிரி உங்களை முழுசாத் தெரியாது அவருக்கு."

புதன்கிழமை டீ நேரத்தில் அவர் இந்தக் கதையைப் பக்கத்து பெட்ரோல் லேனில் வேலை பார்க்கிற பெண்ணிடம் சொன்னார். வாய்த்துடுக்கானவள், வேலையில் கெட்டி. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, காதுல புகை வருது. குழாயச் செருகட்டுமா? எவ்வளவுன்னு அளந்து சொல்லிடறேன்."

"வெளையாடாத."

"நான் வெளையாடல. உங்க சட்டையை மாட்டி வச்சிருக்கீங்களே ஆணி, அதுக்குப் பின்னாடி என்ன ஒட்டியிருக்கு, பாத்திருக்கீங்களா?"

அவர் எழுந்து போய்ச் சட்டையை விலக்கினார். ஒரு சுற்றறிக்கை. நாலு மாதத்துக்கு முந்தையது. புது வண்டிகளுக்கு முதல் சில வருடங்கள் சோதனை கிடையாது. அந்தச் சில வருடங்களைத் தாண்டிய வண்டிகள் இனிமேல் லேனுக்கு வரத் தொடங்கும், அவற்றில் பல நிற்கும்போது சிவப்புக் கோடு வரை போகாது, எதுவரை போகிறதோ அதுவரை வைத்தே அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரி. அதன்கீழ் முதல் கையெழுத்து அவருடையது.

"ஏன் அப்படி வைக்கறாங்க?" என்று கேட்டார்.

"சைக்கிள் செயின் கழண்டுட்டா பெடல் எப்படிச் சுத்தும்? இழுக்க ஒண்ணுமில்லாம விறுவிறுன்னு சுத்தி முழங்கால்ல அடிக்கும்ல? நிக்கற வண்டியில இன்ஜின் கதை அதுதான். வண்டியையும் ஆளையும் இழுக்கற சுமை இல்ல. மிதிச்சா ஒரு நொடியில எகிறிப்போயி உள்ள இருக்கறதெல்லாம் அடிபடும். ஓடுற வண்டிக்கு முன்னாடியிருந்து காத்து வரும், சூடு தணியும். நிக்கற வண்டிக்கு அதுவும் கெடையாது. அதான் சக்கரம் சுத்தலைன்னு தெரிஞ்சா உள்ள இருக்கற கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திடும். கியரைப் போட்டு ரோட்டுல ஓட்டிப் பாருங்க, மூணு என்ன, நாலரைக்கே போகும்."

ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது! அவர் சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினார். தாள் மறைந்தது.

மாலை வீட்டுக்கு நடந்து போகும்போது ஒரு கணக்கு அவர் மனதில் ஓடியது. சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'இன்ஜின் உச்ச வேகத்தை எட்டியதா? ஆம், இல்லை.' இல்லை என்று குறி போட்டால் பொய்யே கிடையாது, உண்மையில் எட்டவில்லைதானே? அந்த ஒரு குறி போதும். கார் திரும்பிப் போகும், நீல நிறம் வாசலிலிருந்து மறையும், மிக்ஸி முனகினால் பழையபடி இவரைக் கூப்பிடுவார்கள். இதை நினைக்கும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. இனிக்கவும் செய்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நீலக் கார் டீசல் லேனில் வந்து நின்றது. ஓட்டி வந்த சகலை இறங்கினார். முன் இருக்கையிலிருந்து மாமனாரும் இறங்கினார், சாட்சிக்கு வந்தாராம். முழுமிதி குழாயைச் செருகிவிட்டு ஏறி மிதித்தார். முள் மூன்றில் நின்றது. புகை இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டும், அவ்வளவு சுத்தம். படிவம் அச்சாகி வந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

சகலை பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பெரியவர் நீங்க இருக்கும்போது நானா முடிவு பண்ணது தப்பு. அதுக்குத்தான் அனுபவிக்கறேன்."

கார் வந்த நாளிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். குளிக்கும்போதும் நடக்கும்போதும் சகலையை அப்படிச் சொல்லவைத்து மனதுக்குள் எத்தனையோ தடவை ரசித்திருக்கிறார். இப்போது அது சகலையின் சொந்த வாயாலேயே வந்தது. சொன்னவரின் தொண்டை இன்னும் கட்டியிருந்தது. சட்டைக் காலரில் பேருந்துக் கம்பியின் அழுக்கு.

பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"வண்டி நல்லாருக்கு தம்பி" என்றார். "ஒரு கோளாறும் இல்ல. நிக்கறப்ப இது இப்படித்தான் இருக்கும்."

மாமனார் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா இளைய மாப்ளே, உங்க மனசு நோகக் கூடாதுன்னு மாத்திப் பேசறாரு. மாப்ளே, பெருந்தன்மையெல்லாம் வேணாம். உள்ளதை எழுதுங்க."

"உள்ளதைத்தான் மாமா சொல்றேன்!"

"அன்னைக்குப் பாதி இன்ஜின்னு சொன்னீங்களேண்ணே?"

"அன்னைக்கு எனக்குத் தெரியாது. ரோட்டுல ஓடும்போது மூணைத் தாண்டும்."

சகலை ஓட்டினால் முள் இரண்டைத் தொடுவதே அபூர்வம், அவ்வளவு பதவிசாக ஓட்டுகிறவர். அதனால் அவருக்கு இது தெரிய வழியே இல்லை. சாவியை நீட்டினார்.

"அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்கண்ணே. உங்க கையால தாண்டட்டும்."

லேனில் அடுத்து நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தார். பெட்ரோல் லேன் பெண் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுமிதி சாவியைப் பார்த்தார். வேலை இருக்கிறது என்று சொல்லலாம். கால் வலி என்று சொல்லலாம். இருபத்திரண்டு வருடமாகச் சொன்ன சாக்குகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார்.

"என்னது?" என்றார் மாமனார்.

"மிதிக்கத் தெரியும் மாமா. ஓட்டத் தெரியாது. எப்பவுமே தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சகலை சாவியை மடக்கிக்கொண்டு, "ஏறுங்க" என்றார். மாமனார் வழக்கம்போல முன் கதவைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, விலகிப் பின்னால் போய் உட்கார்ந்தார். முன் இருக்கை காலியாக இருந்தது. ஏங்கி ஏங்கிக் கிடந்த இருக்கை, எந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தது பாருங்கள்.

நிலையத்துக்குப் பின்னால் மேட்டுச் சாலை. "ரெண்டாவது கியர்லயே வச்சு மிதிங்க தம்பி. முழுசா. பயப்படாதீங்க" என்றார். சகலை உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கார் மேட்டில் திமிறி ஏறியது. முள் இரண்டைக் கடந்தது. மூன்றில் நிற்கவே இல்லை. மூன்றரை, நாலு. இன்ஜின் வாயைத் திறந்து பாடியது. காற்று முகத்தில் அறைந்தது. மரங்கள் பின்னால் ஓடின. ஒரு இன்ஜின் இப்படிக் கத்தும்போது மரங்கள் பின்னால் ஓடுவதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். அவர் லேனில் இன்ஜின் என்ன கத்து கத்தினாலும் எதிரே அதே சுவர்தான்.

"தாண்டிடுச்சு!" என்று கத்தினார் சகலை.

"தாண்டும்னு நேத்தே எனக்குத் தெரியும்" என்றார் முழுமிதி. நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "அன்னைக்கு மூணுல நின்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. ரொம்பச் சந்தோஷம். இன்னைக்குக் காலை வரைக்கும் 'இல்லை'ன்னு போட்டுடலாம்னுதான் இருந்தேன். வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமில்ல."

சகலை காலைத் தளர்த்தினார். முள் மெல்ல இறங்கியது. காரைத் திருப்பி நிலையத்தை நோக்கி ஓட்டினார். பின்னால் மாமனார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நிலைய வாசலில் முழுமிதியை இறக்கிவிட்டுக் கார் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு சகலை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மிக்ஸி முனகியது, யாரும் இவரைக் கூப்பிடவில்லை. மனைவி, "நல்லா வேணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு தட்டில் சோறு போட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், சாப்பாட்டு வேளையில், நிலையத்துக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் நீலக் கார் வந்து நின்றது. முழுமிதி கை கழுவிக்கொண்டிருந்தார். சகலை இறங்கி, காரைச் சுற்றிப் போய், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் தானே உட்கார்ந்துகொண்டார். ஸ்டீயரிங் முன்னாலிருந்த இருக்கை காலி. கதவு திறந்திருந்தது.

முழுமிதி ஈரக் கையோடு போய் நின்றார்.

"உக்காருங்கண்ணே" என்றார் சகலை. முகத்தில் இன்னும் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு வாரம் உங்க மேல கோவமா இருந்து பாத்தேன். எனக்கு அது சரியா வரல."

முழுமிதி உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கை கியரை ஆட்டிப் பார்த்தது.

"நியூட்ரல் வேணாம். ஒண்ணாவதுல போடுங்க. தயவுசெஞ்சு முழுசா மட்டும் மிதிச்சிடாதீங்க."

கார் ஒரு குலுக்கு குலுங்கி நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை மெதுவாக, நடக்கிற வேகத்தில், நகர்ந்தது. முள் ஒன்றைக்கூடச் சரியாகத் தொடவில்லை. பத்தடி, இருபதடி, மைதானத்தின் பாதி. சகலை கையை நீட்டி, அவர் மூக்கின் மேல் வழுக்கியிருந்த கண்ணாடியை நேராக்கிவிட்டார்.

ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாகக்கூட இருக்க முடியுமா என்று முழுமிதிக்குப் பழையபடி வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.